அழைத்து வருபவர் பெயர்

அத்தியாயம் பதினேழு

சண்டை எந்த இடத்தில் நின்றது என்று கேட்கிறீர்களா? எங்கே நின்றது! போன வாரம் சின்னவள் போனைப் பட்டென்று வைப்பதற்கு முன்னால், "நேர்லயே வந்து பேசிக்கறேன்" என்றாளே, அந்த நேர் இன்றைக்குத்தான்.

இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அப்பாவுக்கு எழுபத்தைந்து முடிந்துவிட்டது. நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருட்டுக் குழிக்குள் ஏறி இறங்கியவர். "கடலை நான் ஒழுங்காப் பாத்ததே இல்ல" என்று என்றைக்கோ வாய் தவறிச் சொல்லிவிட்டார். உடனே இரண்டு மகள்களும் போட்டி போட்டுக்கொண்டு ஒரு வாரக் கப்பல் பயணத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். நாளை மறுநாள் கப்பல். ஆளுக்கொரு கேபின் பிடித்திருக்கிறார்கள். அப்பா எந்தக் கேபினில் என்பதுதான் பத்து நாளாகத் தீராத வழக்கு.

இதில் கப்பல்காரர்கள் வேறு ஒரு படிவத்தை அனுப்பித் தொலைத்தார்கள். நடக்கச் சிரமப்படும் பயணிகளுக்கான படிவம். கேபின் எண் எழுத வேண்டும். அதற்குக் கீழே ஒரு கட்டம்: ஆபத்து நேரத்தில் இவரை அழைத்து வருபவர் பெயர். ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம். இன்று மாலைக்குள் அனுப்பியாக வேண்டும்.

பெரியவள் அதைக் காலையிலேயே நிரப்பிவிட்டாள். நான்காம் தளம். அழைத்து வருபவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயர். கொட்டை எழுத்தில்.

அவள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். வயிற்றைத் திறப்பதற்கு முன்னால் கத்தரி எத்தனை, பஞ்சு எத்தனை என்று எண்ணி, தைப்பதற்கு முன்னால் மறுபடியும் எண்ணிச் சரிபார்க்கிற வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதைச் செய்கிறவள் பெட்டி கட்டினால் எப்படி இருக்கும்? சாப்பாட்டு மேசையில் வெள்ளை விரிப்பைப் போட்டு, சாமான்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். தோளில் மாட்டுகிற சின்னப் பை ஒன்று. கட்டிலோடு கட்டிவைக்க வேண்டிய பை அது. அபாயச் சங்கு ஊதினால் பெரிய பெட்டியைத் தொடவே கூடாது, இதை மட்டும் மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். அதற்குள் டார்ச், விசில், மூன்று நாள் மாத்திரை, பாஸ்போர்ட் நகல், ஸ்வெட்டர், மூக்குக்கண்ணாடி இரண்டாவது ஜோடி எல்லாம் இருந்தன.

"செருப்பு கிடையாது. லேஸ் வச்ச ஷூதான். தூங்கறப்போ காலுக்குப் பக்கத்துலயே இருக்கணும்," என்றாள் புருஷனிடம்.

அவள் புருஷன் பல்செட் செய்கிறவர். வீட்டிலேயே ஓர் அறையில் பட்டறை. மனிதருக்குக் கோபமே வராது, வந்தாலும் வெளியே விடமாட்டார். ஒரு டப்பாவைக் கொண்டுவந்து வெள்ளை விரிப்பில் வைத்தார்.

"என்னங்க இது?"

"உங்க அப்பாவுக்கு ஸ்பேர் பல்செட். கப்பலே முழுகினாலும் மாமனார் சிரிச்சிக்கிட்டே மெதப்பாரு பாரு."

"விளையாடற நேரமா இது?" என்று சீறினாள். ஆனாலும் பல்செட்டை எடுத்துப் பைக்குள் வைத்தாள், பட்டியலிலும் சேர்த்தாள்.

அடுத்தது பயிற்சி. ஆமாம், பயிற்சி. கப்பலில் கரண்ட் போய்ப் புகை சூழ்ந்தால் கண் தெரியாது. கேபின் கதவிலிருந்து படிக்கட்டு வரை எத்தனை கதவு என்று கையால் தடவி எண்ணத் தெரிய வேண்டும். அப்பாவின் கண்ணைத் துண்டால் இறுக்கிக் கட்டினாள். வீட்டு நடைவழியில் நிறுத்தினாள்.

"குனிஞ்சு வாங்கப்பா. புகை மேலதான் இருக்கும். இடது கை சுவத்துல. எத்தனாவது கதவு இது?"

"பாத்ரூம்."

"பேரைக் கேக்கல, எண்ணக் கேக்கறேன்!"

"ரெண்டு... முட்டி வலிக்குதும்மா பெரிசு."

"வலிக்கத்தான் செய்யும். இன்னொரு தடவை."

கொடுமை என்று நினைக்காதீர்கள். அவள் நெஞ்சில் இருந்தது வேறு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் குடியிருந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் தீப்பிடித்தபோது, அவள் தியேட்டரில் நின்று பஞ்சு எண்ணிக்கொண்டிருந்தாள். போன் லாக்கரில். வெளியே வந்து பார்த்தபோது இருபத்தாறு அழைப்பு. அம்மா போய்விட்டிருந்தாள். இந்தத் தடவை நான் இருப்பேன், நான் மட்டும்தான் இருப்பேன் என்று அவள் தன் தலையில் தானே அடித்துச் சத்தியம் செய்திருந்தாள்.

வாசல் மணி அடித்தது. திடுக்கிட்ட அப்பா கால் மாற்றி வைத்தார். பீரோ முனை நெற்றியில் 'ணங்'கென்று மோதியது. துண்டுக்குக் கீழே ரத்தம் கோடாக இறங்கியது.

உள்ளே வந்த சின்னவள் பார்த்தது இதைத்தான். கண்ணைக் கட்டிய கிழவர், முகத்தில் ரத்தம், பக்கத்தில் ஸ்டாப்வாட்சோடு அக்கா.

சின்னவள் ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்கிறவள். நான்கு மணி நேரம் வண்டி தாமதம் என்றாலும் தேன் தடவினாற்போல் சொல்லுவாள். சண்டையிலும் குரல் ஏறாது. பெரியவளுக்கு அதுதான் பற்றிக்கொண்டு வரும்.

"அவர் கண்ணக் கட்டி என்ன பண்ற?" என்று அதே நிதானக் குரலில் கேட்டாள். கேட்டுக்கொண்டே துண்டை அவிழ்த்து அப்பாவின் நெற்றியில் அழுத்தினாள்.

"உசுரோட கொண்டு வர்றதுக்கு வழி பண்றேன்."

"பீரோல முட்ட வச்சா?"

"கப்பல்ல பீரோ இருக்காது."

"நீ புடிச்சிருக்கிற கேபினே பீரோதான? ஜன்னல் கிடையாது, ஒரு ஓட்டை கிடையாது. கடலப் பாக்கணும்னு ஆசப்பட்ட மனுஷன அலமாரிக்குள்ள மடிச்சு வச்சு ஏழு நாள் சுத்திக் காட்டப் போறியா?"

"கதவத் திறந்தா நாலு எட்டுல உயிர்காக்கும் படகு. உன் ஒன்பதாவது தளத்துல என்ன இருக்கு? பால்கனி! அஞ்சு தளம் படி இறங்கணும் அவரு, அந்த முட்டிய வச்சிக்கிட்டு. சங்கு ஊதினா லிஃப்ட நிறுத்திடுவாங்க, தெரியுமா?"

"தெரியும். நான் தூக்கிட்டு வருவேன்."

பெரியவள் சிரித்தாள். சிரித்திருக்க வேண்டாம். "நீ? நீ தூக்கிட்டு வருவியா?"

"ஏம்மா, விடேன். காபி போடறேன், ரெண்டு பேரும் உக்காருங்க," என்று பல்செட்காரர் நடுவில் வந்தார். அவரை இரண்டு பேருமே கண்டுகொள்ளவில்லை.

சின்னவளின் கண் மேசை மேல் இருந்த படிவத்துக்குப் போனது. குனிந்து படித்தாள். கொட்டை எழுத்தைப் பார்த்தாள். அவள் கையில் எப்படித்தான் பேனா வந்ததோ, அக்காவின் பெயருக்குக் குறுக்கே ஒரே இழுப்பு.

"ஏய்!"

"என்னக் கேட்டியா? அப்பாவக் கேட்டியா? நீயே எழுதி நீயே அனுப்பிடுவியா?"

"ஆமா, நான்தான் எழுதுவேன். அந்தக் கட்டத்துல உன் பேர எழுதினா கப்பல்காரனே சிரிப்பான். பெத்தவள லிஃப்டுக்குள்ள தள்ளி விட்டுட்டு, தான் மட்டும் படியில ஓடி வந்து உசுரக் காப்பாத்திக்கிட்டவ நீ!"

பதினோரு வருஷத்தில் இதை ஜாடையாக எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். முகத்துக்கு நேராக, இத்தனை பச்சையாகச் சொன்னது இன்றுதான்.

சின்னவள் கையை ஓங்கினாள். பளார் என்று ஓர் அறை. பெரியவளின் காதில் வண்டு பறந்தது. தோடு கழன்று எங்கோ போய் விழுந்தது.

அவ்வளவுதான். மடை உடைந்தது. பெரியவள் தங்கையின் கூந்தலைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினாள். சின்னவள் முழங்கையால் அவள் விலாவில் இடித்தாள். மேசை விரிப்பு இழுபட்டது. டார்ச், விசில், மாத்திரை எல்லாம் தரையில் சிதறி உருண்டன. இடையில் புகுந்த பல்செட்காரருக்கு வாயில் ஒரு குத்து. யார் குத்தியது என்று அவருக்கே தெரியாது.

"விடுடி!"

"நீ விடு முதல்ல!"

"ஐயோ, வேணாம்மா! வேணாம்!" என்று அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தினார். அவர் குரலைக் கேட்கிற நிலையில் அங்கே யாரும் இல்லை.

பெரியவளின் உதடு கிழிந்து உப்புக் கரித்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: அவளுக்கு அந்த ருசி பிடித்திருந்தது. பதினோரு வருஷமாக யாரையாவது அடிக்க வேண்டும் என்று அவள் கை தினவெடுத்துக் கிடந்தது. அகப்பட்டவள் தங்கை.

சின்னவள் உதறிக்கொண்டு விலகினாள். தரையில் வாய் திறந்து கிடந்தது அப்பாவின் பெரிய பெட்டி, கல் மாதிரிக் கெட்டியான மூடி போட்டது. அவள் மண்டியிட்டு அதற்குள் கையை விட்டு அப்பாவின் துணிகளை வாரினாள். "அவர இப்பவே கூட்டிட்டுப் போறேன். உன் வீட்டுல ஒரு நிமிஷம் இருக்க மாட்டார்."

"எடுத்துடுவியா நீ!"

பெரியவள் மூடியை ஓங்கி அறைந்து சாத்தி, அதன் மேல் முழங்காலைப் போட்டு மொத்த உடம்பையும் கொடுத்து அமுக்கினாள். உள்ளே சின்னவளின் இடது கை. அவள் வெளியே இழுத்தாள். பெரியவள் விடவில்லை.

சத்தம் கேட்டது. ஒரே ஒரு சத்தம்.

பெரியவளுக்கு அது என்ன சத்தம் என்று சொல்லித் தர வேண்டுமா? எலும்பு ஆபரேஷன் மேசையில் எத்தனை தடவை கேட்டிருக்கிறாள்! கோபம் எங்கே போனதோ! மூடியைத் தூக்கினாள். மணிக்கட்டு இருக்கக் கூடாத கோணத்தில் திரும்பியிருந்தது. சின்னவள் கத்தவில்லை. வாயைத் திறந்தபடி மூச்சை மட்டும் இழுத்து இழுத்து விட்டாள்.

"அசைக்காத. அசைக்காத, அப்படியே வை. என்னங்க, அந்த மர ஸ்கேல எடுங்க. துண்டு. ஐஸ் இருக்கா?"

கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. ஸ்கேலை வைத்து, அப்பாவின் கண்ணைக் கட்டிய அதே துண்டைக் கிழித்துச் சுற்றினாள். விரல் நுனியை அழுத்தி ரத்தம் ஓடுகிறதா என்று பார்த்தாள். விரல்களை எண்ணினாள். அஞ்சு. எதற்கு எண்ணினாள் என்று கேட்காதீர்கள். கை இத்தனை பதமாக இருந்ததே, வாய் இருந்ததா என்றால் இல்லை.

"வலிக்குதா? வலிக்கட்டும். அந்த லிஃப்டுக்குள்ள அம்மாவுக்கு வலிச்சத விடக் கம்மிதான்."

"போதும்!"

அப்பா. அந்தக் குரலை அவள் சின்ன வயதிலும் கேட்டதில்லை. நெற்றி ரத்தம் புருவத்தில் உறைந்திருக்க, கிழவர் சுவரை விட்டு முன்னால் வந்து நின்றார்.

"போதும் பெரிசு. அவள அடிக்காத. நான் மட்டும் அன்னிக்குப் போன் பண்ணாம இருந்திருந்தா..."

பெரியவளின் கை முடிச்சில் நின்றது. "என்ன போன்?"

"அப்பா, வேணாம்," என்றாள் சின்னவள். முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது. "வேணாம்ப்பா. விடுங்க."

"என்ன போன்னு கேக்கறேன்!"

அப்பா நாற்காலியைத் துழாவிப் பிடித்தார், ஆனால் உட்காரவில்லை. "நான் கீழ மெயின் போர்டு பக்கத்துல நின்னு போன் பண்ணினேன். சின்னு மேலேருந்து பேசினா. நடக்க முடியாத அம்மாவப் படியில முதுகுல தூக்கிட்டு வரேன்னா. மூணு வார்த்தை பேசறதுக்குள்ள இருமல் அவளுக்கு. நான்தான் வேணாம்னேன். லிஃப்டுல ஏத்து, கரண்ட் போனாலும் பாட்டரில ஒரு தடவை கீழ வந்துடும், ரெண்டு பேர் ஏறினா நின்னுடும், அம்மாவ மட்டும் ஏத்துன்னேன். அவ மாட்டேன்னா. நான் திட்டினேன். ஊர்ல இருக்கிற லிஃப்டுக்கெல்லாம் 'தீப்பிடித்தால் உபயோகிக்காதீர்கள்'னு என் கையாலதான் ஸ்டிக்கர் ஒட்டினேன். ஆனா அது நான் பாத்துக்கிட்ட லிஃப்டு. நான் எண்ணெய் போட்டது. அது நிக்காதுன்னு நெனச்சேன்."

நிக்காது என்று நினைத்த லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவில் நின்றது. அது ஊருக்கே தெரிந்த கதை.

பெரியவளுக்கு அந்த நாள் ஒவ்வொரு துண்டாகத் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரி வராந்தா. "யாரு அம்மாவ லிஃப்டுல ஏத்தினது?" என்று அவள் கத்தியது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. புகை அப்பிய முகத்தோடு சின்னவள், "நான்தான்க்கா" என்று சொன்னது. அதில் பொய்யே இல்லை. ஏற்றியது அவள்தான். அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் பெரியவள் பதினோரு வருஷம் அவளைக் கொளுத்தியிருக்கிறாள். அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஜுரம் என்றபோது எட்டிப் பார்க்கவில்லை. இப்போது கையையும் ஒடித்தாயிற்று.

"நீங்க அங்கதான நின்னீங்க?" என்றாள் அப்பாவிடம். குரல் அவளுடையதாகவே இல்லை. "நான் இவள என்னென்னவோ பேசினேன். எல்லாத்தையும் காதால கேட்டுக்கிட்டு, நான் போட்ட சோத்தத் தின்னுக்கிட்டு, பேசாம இருந்தீங்களா?"

"பயமா இருந்துச்சும்மா. நீயும் போயிடுவியோன்னு..."

அறைந்துவிட்டாள்.

எழுபத்தைந்து வயது மனிதரை, பெற்ற தகப்பனை, கன்னத்தோடு சேர்த்து. மேல் பல்செட் தெறித்துப் போய்த் தரையில் சறுக்கியது. பல்செட்காரர் "ஐயையோ!" என்று தலையில் கை வைத்தார். அப்பா கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. இன்னும் அடி என்பதுபோல் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். அதுதான் அவளை இன்னும் வெறியாக்கியது. மறுபடியும் ஓங்கினாள்.

ஓங்கிய கையை யாரோ பிடித்தார்கள். சின்னவள். நல்ல கையால், நகம் பதிய.

"விடுடி. உனக்காகத்தான் அடிக்கறேன்!"

"எனக்காக யாரையும் அடிக்க வேணாம்." முகம் வெளுத்து, வலியில் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. குரல் மட்டும் பழைய நிதானத்துக்கு வந்துவிட்டது. "பதினோரு வருஷம் நான் எதுக்கு வாய மூடிக்கிட்டு இருந்தேன்னு நெனக்கற? இதுக்குத்தான். உனக்குத் தெரிஞ்சா நீ அவர அடிப்ப. அடிச்சிட்டு, அப்புறம் ஆயுசு பூரா உன்னால தூங்க முடியாது. உன்ன எனக்குத் தெரியாதா? அதான் அந்த அடிய நான் வாங்கிக்கிட்டேன்."

பெரியவள் ஓங்கிய கையை இறக்கினாள். அப்படியே தரையில், சிதறிய மாத்திரைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். மன்னிச்சுக்கோ என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அவள் நாக்குக்கு அந்த வார்த்தை பழக்கமே இல்லை. அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

பல்செட்காரர் வீங்கிய உதட்டோடு கார் சாவியைத் தேடி எடுத்தார். "வாம்மா சின்னு. முதல்ல எக்ஸ்ரே. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

"இருங்க மாமா."

சின்னவள் குனிந்து, தரையில் கிடந்த படிவத்தைக் காலால் தள்ளி, நல்ல கையால் எடுத்தாள். அதில் பெரியவளின் உதட்டு ரத்தம் ஒரு சொட்டு விழுந்திருந்தது. கோடு இழுத்து அடித்த பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயரை நெருக்கி எழுத இடம் இருந்தது. அவள் அதை அக்காவின் மடியில் வைத்தாள்.

அப்பா கன்னத்தைப் பிடித்தபடி ஓர் அடி முன்னால் வந்தார். பல் இல்லாத வாயில் வார்த்தை குழறியது.

"அப்போ... நான் யார்கூட வர்றது?"

பத்து நாளாக, என்கூட, என்கூட என்று தொண்டை கிழியக் கத்தியவர்கள் இரண்டு பேரும் அங்கேதான் இருந்தார்கள்.

"அக்காவையே கேளுங்கப்பா," என்றாள் சின்னவள், வாசலைப் பார்த்து நடந்துகொண்டே. "எப்பவும் அவதான முடிவு பண்ணுவா."

பெரியவள் நிமிர்ந்தாள். என்கூட என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவகூடப் போங்க என்று சொல்ல முகமில்லை. வெளியே கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. அப்பா நகரவில்லை, பதிலுக்காக அவள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார்.